விளைவு மட்டுமே தீர்ப்பாகுமா?

மேனாம்பேடு, அம்பத்தூர், கொரட்டூர் எனத் தொழிற்பேட்டையைச் சூழ்ந்துள்ள நம் பகுதிகளில், உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் நடைபெறும் காலத்தில் காலைப் பேச்சு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இரவெல்லாம் கண்விழித்து ஆட்டம் பார்த்தவர்கள் தேநீர்க் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் கூடி, தோற்ற அணியின் பயிற்சியாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். நன்கு ஆடியவரை ஏன் வெளியே அழைத்தார், அனுபவமற்ற இளைஞரை ஏன் களத்தில் இறக்கினார் என்று கேள்விகள் எழும். அதே முடிவு வெற்றி தந்திருந்தால் அவர் மேதை எனப் போற்றப்பட்டிருப்பார். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில் பெருந்தீங்கு ஒன்றுமில்லை. ஆயினும் அங்கே கையாளும் அளவுகோலையே நாம் வீட்டிலும் தொழிலகத்திலும் சங்கத்திலும் கையாளுகிறோம். ஆதலின் அவ்வளவுகோல் நேரியதுதானா என்று ஆராய்வது நம் கடமையாகிறது.

இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். 2014 ஜூலை 5 அன்று பிரேசில் நாட்டின் சால்வடார் நகரில் உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்தும் கோஸ்டா ரிகாவும் மோதின. கூடுதல் நேரம் முடிந்தும் கோல் எதுவும் விழவில்லை. 120ஆம் நிமிடத்தில் நெதர்லாந்துப் பயிற்சியாளர் லூயி வான் கால், அதுவரை கோல் காத்து நின்ற சிலெஸனை வெளியே அழைத்து, டிம் க்ரூல் என்பவரைப் பெனால்டிகளைத் தடுப்பதற்காகவே இறக்கினார். க்ரூல் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். நெதர்லாந்து 4-3 என வென்றது. பயிற்சியாளரின் துணிவை உலகமே வியந்தது.

2021 ஜூலை 11 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் நடைபெற்றது. இங்கிலாந்தும் இத்தாலியும் 1-1 எனச் சமநிலையில் நின்றன. கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் இங்கிலாந்துப் பயிற்சியாளர் கேரத் சவுத்கேட், ராஷ்போர்டு, சாஞ்சோ ஆகிய இரு இளைஞரைப் பெனால்டி உதைப்பதற்காகவே களமிறக்கினார். ராஷ்போர்டு உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சாஞ்சோவின் பந்து தடுக்கப்பட்டது. இறுதியாக உதைத்த 19 வயது சாகாவின் பந்தும் தடுக்கப்பட்டது. இத்தாலி 3-2 என வென்றது. பயிற்சியாளர் தூற்றப்பட்டார். அம்மூன்று இளைஞரும் நிறவெறி வசைகளுக்கு இலக்காயினர்.

இவ்விரு முடிவுகளுக்கும் உள்ள வேறுபாடு என்ன? இரண்டிலும் ஆட்டம் முடியும் வேளையில் புதியவர்கள் இறக்கப்பட்டனர். இரண்டுமே ஒரே நோக்கத்திற்காக எடுக்கப்பட்ட துணிகர முடிவுகள். ராஷ்போர்டு உதைத்த பந்து ஒரு சாண் உள்ளே சென்றிருப்பின், சவுத்கேட்டைப் பற்றிய நம் பேச்சே மாறியிருக்கக்கூடும். அப்படியானால் நம் புகழும் இகழும் மனிதரின் அறிவைச் சார்ந்து நிற்கவில்லை. ஒரு கம்பத்தைச் சார்ந்து நிற்கின்றன. இப்புதிரையே பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் தத்துவ அறிஞர் இருவரும் 1976ஆம் ஆண்டு 'அறவியல் அதிர்ஷ்டம்' என்னும் பெயரால் விவாதித்தனர். தன் கையில் இல்லாத ஒன்றிற்காக ஒருவனைப் புகழ்வதும் பழிப்பதும் முறையா என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

வான் காலின் கதை நான்கு நாள்களில் வேறாயிற்று. ஜூலை 9 அன்று அர்ஜென்டினாவுடன் நடந்த அரையிறுதியும் கோல் இன்றிப் பெனால்டிக்கே சென்றது. இம்முறை மாற்று ஆட்டக்காரர் மூவரையும் அவர் முன்னரே இறக்கிவிட்டிருந்தார். ஆகவே க்ரூலை இறக்க வழியில்லை. அணி 2-4 எனத் தோற்றது. நான்கு நாள்களுக்குள் ஒரு மனிதரின் அறிவு வளர்ந்து தேய்ந்துவிடுமா? தேய்ந்தது அவர்மீது நாம் வைத்த மதிப்பே.

அவ்வாறாயின் தலைவர்களைக் குறைகூறவே கூடாதா எனச் சிலர் வினவலாம். கூறலாம், கூறவும் வேண்டும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. முடிவெடுத்த நேரத்தில் அவருக்கு என்னென்ன தெரிந்திருந்தன? வேறு வழிகளை அவர் எண்ணிப் பார்த்தாரா? பணயமாக வைக்கப்பட்டது யாருடைய நலம்? தோல்வி வந்தபோது பொறுப்பைத் தாமே ஏற்றாரா? இந்நான்கும் ஆட்டம் வென்றாலும் தோற்றாலும் மாறாத கேள்விகள்.

இக்கேள்விகளால் அளந்தால் நம் தீர்ப்புகள் சில இடம்மாறும். தோற்ற சவுத்கேட், பெனால்டி உதைப்போரைத் தேர்ந்தவர் தாமே என்றும் பழி தம்முடையதே என்றும் அன்றே அறிவித்தார். அது போற்றத்தக்க பண்பு. வென்ற வான் காலோ, மாற்றப்படவிருப்பதைச் சிலெஸனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் மனம் குலையாதிருக்கவே மறைத்ததாகக் காரணம் சொல்லப்பட்டது. ஆயினும் களத்தைவிட்டு வெளியேறிய சிலெஸன் சினத்தால் ஒரு பாட்டிலை உதைத்ததை உலகம் கண்டது. தம்மை நம்பி நிற்பவரிடம் எதை மறைக்கலாம், எதை மறைக்கலாகாது என்பது வெற்றி கிட்டிய பின்னும் கேட்க வேண்டிய கேள்வியே.

நம் நாட்டு வரலாற்றிலும் இதற்கொரு சான்று உண்டு. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்தார். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என இந்தியா தோற்றது. பின்னர் தற்காப்பு ஆட்டக்காரரான ஜர்னைல் சிங்கிற்குத் தலையில் அடிபட்டு ஆறு தையல்கள் போடப்பட்டன. ரஹீம் அவரை அணியிலிருந்து நீக்கவில்லை. இடத்தை மாற்றி முன்கள ஆட்டக்காரராக நிறுத்தினார். தென் வியட்நாமுடனான அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் அடிக்க, இந்தியா 3-2 என வென்றது. செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதியாட்டத்தில் அதே தென் கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றது. பி.கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் ஒரு கோலும் அடித்தனர். ரஹீம் 1963 ஜூன் 11 அன்று புற்றுநோயால் மறைந்தார். அதன்பின் 2023இல் நடந்த ஹாங்சோ போட்டி வரை ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி மீண்டும் தங்கம் பெறவில்லை.

இவ்வெற்றியை நினைக்குந்தோறும் நெஞ்சம் பூரிக்கிறது. இதே ரஹீமின் அணிதான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. அன்றே விளைவை மட்டும் கண்டு அவரை ஒதுக்கியிருந்தால், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பெற்ற நான்காம் இடமும் 1962இல் பெற்ற தங்கமும் அவர் வழியாக நமக்குக் கிட்டியிரா. அதே வேளையில் தங்கத்தின் ஒளி மற்றொன்றை மறைக்கவும் கூடாது. பணயமாக வைக்கப்பட்டது ஒரு மனிதனின் தலை. தலைக்காயத்தின் தீமையை இன்றைய மருத்துவம் போல அன்றைய உலகம் அறிந்திருக்கவில்லை. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் முறைகூட உலகக் கோப்பையில் 1970இல்தான் வந்தது. தலையில் அடிபட்டவருக்கென்றே கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் முறை 2021 முதல்தான் சோதிக்கப்பட்டது. ஆகவே ரஹீமைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் இன்று நம் பிள்ளைகளின் பயிற்சியாளர் ஒருவர், தையல் போட்ட சிறுவனைக் களத்தில் இறக்கிக் கோப்பையுடன் திரும்பினால், அவருக்கு மாலை சூட்டும் முன் நாம் கேள்வி கேட்டாக வேண்டும். வெற்றி தவறான முடிவைத் தூய்மையாக்குவதில்லை.

இவ்வுண்மை நம் அறநெறிக்குப் புதிதன்று. ஊறுபட்ட உயிரை மட்டும் கொண்டு நம் முன்னோர் இம்சையை அளக்கவில்லை. விழிப்பின்மையாகிய பிரமத்த யோகத்தை அதன் வேராகத் தத்துவார்த்த சூத்திரம் காட்டுகிறது. நிலம் நோக்கி நடக்கும் துறவியின் அடியில், அவர் அறியாமல் ஓர் உயிர் வந்து மாய்ந்தாலும் அவரைக் குற்றம் சாராது. கருத்தின்றி நடப்பவனோ ஓருயிரையும் மிதியாது ஊர் சேர்ந்தாலும் குற்றத்தினின்று தப்பான். தலைவர் எடுக்கும் துணிகர முடிவை அளக்க இதனினும் தெளிந்த கோல் வேறெது? விழிப்போடு எடுத்த முடிவு தோற்கலாம். விழிப்பின்றி எடுத்த முடிவு வெல்லலாம். தோல்வி முன்னதை இழிவாக்காது. வெற்றி பின்னதை உயர்வாக்காது.

இது திடலோடு நிற்கும் செய்தியன்று. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் மருத்துவரைக் கலந்து, உற்றாரைக் கேட்டு, தாயாரின் அறுவைச் சிகிச்சைக்கு இசைவு தருகிறார். சிகிச்சை பலிக்கவில்லை. அன்று தலையசைத்தவர்களே, "நீங்கள்தானே கையெழுத்திட்டீர்கள்" எனப் பின்னர் ஆண்டுக்கணக்கில் சுட்டுகின்றனர். தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளர் காவல் கருவியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை விரைந்து ஓட்டச் செய்கிறார். விபத்து நேரவில்லை, உற்பத்தி மிகுகிறது, அவருக்குப் பாராட்டு கிட்டுகிறது. முன்னவர் நம் ஆறுதலுக்கு உரியவர். பின்னவர் கண்டிக்கப்பட வேண்டியவர். விளைவை மட்டும் நோக்கும் கண்ணுக்கு இவ்விருவரும் தலைகீழாகவே தெரிகின்றனர்.

இத்தகைய தீர்ப்பினால் விளையும் கேடு பெரிது. பழிக்கு அஞ்சிய நல்லவர்கள் முடிவெடுக்கவே தயங்குவர். பொறுப்பேற்க வேண்டிய இடங்களில், தற்செயலாய் வென்றவர்களும் விழிப்பற்றவர்களும் வந்து அமர்வர். இளைஞரும் தோல்வியைக் குற்றம் என்றே கற்பர்.

ஆதலின் அன்பர்களே, ஒரு முடிவு நமக்குத் தவறெனத் தோன்றினால் விளைவு தெரியும் முன்பே பணிவுடன் எடுத்துரைப்போம். விளைவு தெரிந்தபின் பேச நேர்ந்தால் மேற்கூறிய நான்கு கேள்விகளையும், வென்றவரிடமும் தோற்றவரிடமும் ஒன்றுபோலவே கேட்போம். விழிப்போடு முயன்று தோற்றவரின் தோளில் கைவைப்போம். அந்தக் கை இன்று நம் இல்லங்களில் யாரேனும் ஒருவருக்குத் தேவைப்படுகிறது.