சுதந்திரம் யாருடையது?

முன்னேற்பாடின்றி, அந்தக் கணத்தில் உள்ளத்தில் தோன்றுவதை இசைப்பவனே முழுச் சுதந்திரம் பெற்ற கலைஞன் என்பார் உளர். கியூபாவில் வேர்கொண்ட இலத்தீன் ஜாஸ் இசையில் பியானோ பயில்வோர் இக்கருத்தை அப்படியே ஏற்றல் அரிது.

இரு மரக்கட்டைகளைத் தட்டி எழுப்பும் 'கிளாவே' என்னும் தாளக்கட்டே இவ்விசையின் முதுகெலும்பு. மூன்றும் இரண்டுமாய் ஐந்தே தட்டுகள்! கட்டைகள் மேடையில் ஒலிக்காத போதும் அனைவர் உள்ளத்திலும் அவை ஒலித்தாக வேண்டும். பியானோக் கலைஞனோ பெரும்பொழுதும் 'மொந்தூனோ' எனப்படும் சிறு இசைத்தொடரையே திரும்பத் திரும்ப வாசிக்கிறான். ஆடுவோரின் கால்கள் அதனை நம்பியே நிலத்தில் பதிகின்றன. கற்போர்க்குச் சலிப்பூட்டுவதும் இதுவே. தனிவாசிப்புக்குத் தாவிவிட மனம் துடிக்கும்.

இஃது அடிமைத்தனமா? ரூபன் கொன்சாலெஸ் 1940ஆம் ஆண்டுகளில் அர்சேனியோ ரொட்ரிகெஸின் குழுவில் இப்பணியைச் செய்தவர். எழுபது வயதைக் கடந்தபின், 1996இல், ஹவானாவில் தம் பெயர் தாங்கிய இசைத்தட்டொன்றை இரண்டே நாள்களில் பதிவு செய்தார். அவர் விரல்கள் துள்ளி ஓடும் இடங்களில் உற்றுக் கேட்டால், கச்சாயித்தோ லோபெஸின் டபுள் பேஸ் அடியில் நின்று தாங்குவது புலப்படும். கைத்தட்டலோ ஓடியவருக்கே பெரிதும் கிட்டுகிறது. இது நீதியாகாது, எனினும் தாங்கியவர் அதற்காகத் தாளத்தைத் தளர்த்தினாரில்லை.

ஆகவே தனிவாசிப்பின் மயக்கத்தில் கிளாவேயை மறப்பவன் இசையிலக்கணத்தோடு தன்னை நம்பி அடங்கி நின்ற தோழரையும் மீறுகிறான். தேர்ந்த கலைஞன் தன் முறை முடிந்ததும் மொந்தூனோவுக்குத் திரும்புகிறான். டிரம்பெட் எழுகின்றது.