பூச்சி உணவும் கொல்லாமையும்

புரதத்துக்காகப் பூச்சிகளை வளர்த்து உண்பது பற்றிய அறக்கேள்விக்கு இரண்டு பக்கங்கள் உண்டு: எத்தனை உயிர்கள் கொல்லப்படுகின்றன, அவை நோவை உணர்கின்றனவா? பூச்சிகளுக்கு மாட்டைவிடத் தீனியும் நிலமும் மிகக் குறைவாகவே தேவை என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2013 அறிக்கை காட்டியது. ஆனால் ஒரு மாட்டைக் கொன்றால் நூற்றுக்கணக்கான கிலோ இறைச்சி கிடைக்கும். ஒரு கிலோ சிள்வண்டுக்கோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போகும்.

யூத மறையின் லேவியர் நூல் தத்திச் செல்லும் வெட்டுக்கிளி வகைகளை மட்டும் உண்ண அனுமதிக்கிறது. இஸ்லாமியச் சட்டத்தில் வெட்டுக்கிளியை அறுக்காமலே உண்ணலாம். இவ்விரு மரபுகளும் எது ஆகும், எது ஆகாது என்று வரையறுக்கின்றன. சமணம் கேட்பது வேறு: அந்த உயிருக்கு எத்தனை புலன்கள்? தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வொரு புலனாகக் கூட்டிச் செல்கிறது. செடிகொடிகளுக்குத் தொடுபுலன் ஒன்றே. தொல்காப்பிய மரபியலும் கறையானையும் எறும்பையும் மூவறிவு உயிர்களில் வைக்கிறது.

அந்தக் கறையானின் சிறகு முளைத்த பருவமே ஈசல். மழைக்குப்பின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை விளக்கொளியில் பிடித்து, சிறகு போக முறத்தில் புடைத்து, வறுத்து உண்பது தமிழகச் சிற்றூர்களின் பழக்கம். ஈசலும் மோரும் சேர்ந்த உணவைப் புறநானூற்றின் 119-ஆம் பாடலிலேயே காணலாம். ஓரறிவு உயிர்களே பசியாற்றப் போதுமானபோது மூவறிவு உயிரைக் கொல்வது சமண நோக்கில் பாவம்.

உழவிலும் பூச்சிகள் சாகின்றனவே என்பது இதற்கு வலுவான மறுப்பு. சமணம் நோக்கத்தைக் கொண்டு விடை சொல்கிறது: பிழைப்புக்கான வேலையில் தவிர்க்க முடியாமல் நேர்வது ஆரம்ப இம்சை, கொல்லவென்றே செய்வது சங்கல்ப இம்சை. இல்லறத்தார் பின்னதையாவது அறவே விடவேண்டும். ஆயினும் பூச்சிமருந்து தெளிப்பது கொல்லும் நோக்கத்தோடுதான் என்பதால் இந்தக் கோடு அங்கே மங்குகிறது.

பீட்டர் சிங்கர் போன்ற தற்கால அறவியலாளர்கள் துன்புறும் திறனையே அளவுகோலாகக் கொள்கின்றனர். பிரிட்டனின் 2022 விலங்குநலச் சட்டம் நண்டையும் கணவாயையும் உணர்வுள்ளவையாக ஏற்றது, பூச்சிகளைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு வெளியான ஆய்வொன்றில், உணவு எதுவும் பரிசாகக் கிடைக்காதபோதும் பம்பிள் தேனீக்கள் சிறு பந்துகளை உருட்டி விளையாடின. இது நோவுக்குச் சான்றாகாது. பூச்சி வெறும் பொறியன்று என்ற ஐயத்தை மட்டும் வலுப்படுத்துகிறது. அந்த ஐயம் சிறிதே என்றாலும், கொல்லப்படும் எண்ணிக்கையோடு சேரும்போது அதன் கனம் கூடுகிறது. ஆகவே, பருப்பும் பயறும் எளிதில் கிடைப்பவர் தட்டில் பூச்சியை வைக்கத் தனிக்காரணம் வேண்டும். வேறு புரதம் எட்டாத வீட்டுக்கு அந்தக் காரணம் ஏற்கெனவே இருக்கிறது.