வழி வருத்தமும் வழித்துணையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

புரட்டாசி பிறந்தால் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மஞ்சளாடை உடுத்தி, கோவிந்த நாமத்தைச் சொல்லிக்கொண்டு திருமலைக்கு நடந்து செல்லும் அடியார் குழாங்களைச் சாலையெங்கும் ஸேவிக்கலாம். நம் அனந்தபுரத்திலிருந்து செஞ்சி, சேத்துப்பட்டு, ஆரணி, வேலூர், சித்தூர் என்று போகும் வழி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும் எட்டு நாள் ஆகும். அதற்கு மேல் அலிபிரியில் தொடங்கி 3550 படிகள்.

இந்த வழியின் வருத்தங்கள் நடந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் நாளே உள்ளங்காலில் கொப்புளம் எழும். வியர்வையில் நனைந்த வேட்டி உராய்ந்து தொடை எரியும். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை அடுப்புக்கல் போலச் சுடும். இரவில் கண்ணயர்ந்தால் லாரி ஓசை எழுப்பிவிடும். வழியின் சுகங்களும் அவ்வாறே மறக்கவொண்ணாதவை. புளியமரத்து நிழல், உப்பிட்ட நீர்மோர், கால் நனைக்க ஒரு குடம் வெந்நீர், கொப்புளத்துக்கு யாரோ தடவிவிடும் தேங்காய் எண்ணெய், கோயில் மண்டபத்துக் குளிர்ந்த கல்தரை ஆகியவை வீட்டில் பட்டு மெத்தையும் தராத நிறைவைத் தருகின்றன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வருத்தத்தை விரும்பி ஏற்றுப் புறப்பட்டவர், வழியில் வரும் சுகத்தை ஏற்கலாமா? ஏற்றால் யாத்திரையின் பயன் குறைந்துவிடுமா? குழுக்களில் இதைப் பற்றி வாதம் நடவாத நாளில்லை. செருப்பும் கூடாது, பாயும் கூடாது, மோரும் கூடாது என்பார் ஒரு சாரார். கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்வோம் என்பார் மற்றொரு சாரார். முன்னவர் பின்னவரைச் சற்றுத் தாழ்வாக நோக்குவதும், இருவருமாகப் பேருந்தில் வந்தவரைத் தாழ்வாக நோக்குவதும் உண்டு.

நாம் வங்கியில் காலம் கழித்தவர்களாகையால் இந்த வாதத்தின் அடியில் இருக்கும் கணக்கு நமக்கு நன்கு புலப்படுகிறது. துன்பத்தைச் செலவாகவும் அருளை வரவாகவும் எழுதும் கணக்கு அது. ‘இத்தனை கொப்புளம் கொடுத்தேன், அதற்கு ஈடாக இதைத் தா’ என்பதே அதன் பொருள். நம் பூர்வாசார்யர்கள் இந்தக் கணக்கை ஒப்பவில்லை. எம்பெருமானை அடைய அவனே உபாயம் என்று அறுதியிட்ட பின், நம் கால்வலி உபாயத்தில் ஒரு கூறாக எவ்வாறு சேரும்?

எம்பெருமானார் திருக்கோட்டியூர் நம்பியிடம் ரஹஸ்யார்த்தம் கேட்பதற்காகத் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார். முறைதோறும் பல நாள் வழி. முறைதோறும் வெறுங்கையாகத் திரும்பினார். கடைசியில் நம்பி மனமிரங்கி அருளிச்செய்தார். அதன்பின் உடையவர் செய்தது யாவரும் அறிந்ததே. ஆசையுடையோர் எல்லார்க்கும் அந்த அர்த்தத்தை வெளியிட்டார். பதினெட்டு நடையை விலையென்று அவர் கருதியிருந்தால் பிறரிடம் ஒரு நடையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தாம் பட்ட வருத்தம் பிறருக்கு வேண்டா என்பதே அவர் திருவுள்ளம். நடந்து வந்தவர் பேருந்தில் வந்தவரை எவ்வாறு நோக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டுமோ?

‘அவர் திருமலையை முழங்காலால் ஏறினாரே, அது வருத்தம் வேண்டித்தானே?’ என்று கேட்கலாம். அதன் காரணம் வேறு. திருமலை திருவனந்தாழ்வானே ஆகையால் அதைத் திருவடிகளால் மிதிக்கக் கூசினார் என்பது ஐதிஹ்யம். வருத்தத்தை அவர் தேடவில்லை. கூச்சம் ப்ரேமத்தால் வந்தது, வருத்தம் அந்தக் கூச்சத்தின் பின்னே வந்தது. தானே வந்த வருத்தத்தைப் பொறுப்பது அடியார்க்கு அழகு. அதைத் தேடிச் சேர்த்துப் பெருமை பேசுவதோ அஹங்காரத்துக்கே இரை போடும்.

இது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. நெடுநாள் நீரிழிவு உடையவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். கொப்புளம் உடைந்து புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது. கவனியாமல் விட்டால் சில வேளை காலையே இழக்க நேரும். அப்படிப்பட்ட ஒருவர் ‘வேண்டுதல் கெட்டுவிடும்’ என்று செருப்பையும் வண்டியையும் மறுத்தால் நாம் அவரைப் புகழ்வதா, தடுப்பதா? தடுப்பதே தர்மம் என்போம். காசாளர் கையில் நாள் முழுதும் பணம் புழங்கும். அதில் ஒரு ரூபாயும் அவருடையதன்று. ஆத்மாவும் அதன் உடைமையும் அவனுக்கே உரியவை என்று இசைந்தவர்க்கு இந்தக் காலும் அவன் சொத்து. காக்கக் கொடுத்ததை அழித்துவிட்டு, அதைக் காணிக்கை என்று சொல்லலாகாது.

இனி, கொடுப்பவர் பக்கம் நோக்குவோம். எம்பெருமானார் திருமலை ஏறி வருகையில் பெரிய திருமலை நம்பி தாமே பெருமாள் தீர்த்த ப்ரஸாதங்களைக் கொண்டு எதிரே வந்தார். இதைக் கொண்டுவரச் சிறியார் ஒருவர் கிடைக்கவில்லையோ என்று உடையவர் வினவ, எங்கும் தேடியும் தம்மிற் சிறியார் எவரையும் காணவில்லை என்றார் நம்பி. உடையவரும் மறுக்காமல் ஏற்றருளினார். வழிநடையில் வந்தவர்க்கு நீர் கொடுப்பவர் தம்மைச் சிறியாராக நினைக்கிறார். அதை மறுத்தால் அவர் கைங்கர்யத்தைப் பறித்தவர்களாவோம்.

நம் பக்கத்துப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தி, தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அமைத்திருப்பார்கள். பிள்ளை சுமந்தபடியே இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். அவள் இறக்க முடியாத சுமையை நினைந்து, முன்பின் அறியாதவன் சுமை இறங்க ஒரு கல். ஒரு குடும்பத்தின் துக்கத்திலிருந்து பிறந்த சுகம் அது. அதன்மேல் சுமையை இறக்காமல் கடந்து போவதை வைராக்கியம் என்று யார் சொல்வார்?

ஆயினும் எல்லாச் சுகத்தையும் கண்ணை மூடி ஏற்பதும் முறையன்று. எம்பெருமானார் மேல்நாட்டுக்கு எழுந்தருளுகையில் காட்டில் பசித்திருந்த குழுவினருக்கு வேடர்கள் தேனும் தினைமாவும் கொடுத்தார்கள். அவர்கள் நல்லான் சக்கரவர்த்தியின் ஸம்பந்தம் பெற்றவர்கள் என்பது குருபரம்பரை. பின் கொங்குப் பிராட்டியார் தளிகை ஸமர்ப்பித்தபோதும் அவருடைய ஆசார்ய ஸம்பந்தத்தை அறிந்த பின்னரே அமுது செய்தனர். நமக்கும் சில வரம்புகள் உண்டு. பசிக்கு மேல் வாங்கி எறியக் கூடாது. பின்வருபவர் பங்கை எடுத்துக்கொள்ளக் கூடாது. மோர் குடித்த காகிதக் குவளையை ஏரிக்கரையில் வீசி, கொடுத்தவர் ஊரைக் குப்பையாக்கக் கூடாது.

‘வருத்தம் விலையன்று என்றால் நடப்பானேன்?’ என்பது எஞ்சிய கேள்வி. விடை திருக்கோவலூரில் இருக்கிறது. நமக்கு அது இரண்டு நாள் நடை. மழையிரவில் ஒருவர் கிடக்கும் அளவுள்ள இடைகழி. பொய்கையாழ்வார் கிடந்தார், பூதத்தாழ்வார் வந்ததும் இருவர் இருந்தனர், பேயாழ்வார் வந்ததும் மூவர் நின்றனர். கிடக்கும் சுகம் இருக்கும் சுகமாகி, நிற்கும் சுகமாகச் சுருங்கியது. அந்த நெருக்கத்திலன்றோ எம்பெருமான் நான்காமவனாக வந்து நெருக்கினான்! மழையும் இருளும் இராவிடில் அந்த இடைகழியில் மூவரும் சேர்ந்திருக்க மாட்டார்கள். நடை நமக்குச் செய்வதும் இதுவே. வீட்டில் நம் நீரை நாமே குடிக்கிறோம். எட்டு நாள் வழியில் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறோம். ஒரு பாயை மூவர் பங்கிடுகிறோம். பாரதந்த்ரியம் என்று காலக்ஷேபத்தில் கேட்ட சொல்லைக் கால் அப்போதுதான் அறிகிறது.

யாவர்க்கும் கடைசியில் ஒரு நெடுவழி உண்டு. நம்மாழ்வார் திருமோகூர்ப் பதிகத்தில் அதற்கு வழித்துணையாகக் காளமேகத்தைப் பற்றினார். பின்னர், அர்ச்சிராதி வழியில் செல்லும் அடியாரை அவ்வவ்வுலகத்தார் எதிர்கொண்டு உபசரிப்பதையும் பாடியருளினார். அங்கே அந்த அடியார் எதையும் மறுப்பதில்லை; இத்தனை வருத்தம் பட்டேன் என்று கணக்கு காட்டுவதுமில்லை. வழியில் ஒருவர் நீட்டும் மோரைக் கைகூப்பி வாங்கிக்கொள்வது, அந்த வழிக்கு இங்கேயே பழகிக்கொள்வதாகும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.