தரணும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஒரு கைநூல் அச்சானது. ஏ. எம். பெர்குசன் எழுதியது. சீமையிலிருந்து வந்திறங்கும் சின்னத்துரைமாருக்குத் தோட்டத்துத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அந்த நூலின் பெயரே 'இங்கே வா'. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ், 'கூலித் தமிழ்' என்றே பெயர் வைத்து இன்னொன்று போட்டார். வேற்றூர் போகிறவன் முதலில் சோறும் தண்ணீரும் கேட்கப் பழகுவான். துரைக்கு முதலில் வேண்டியிருந்தது ஏவல். வெட்டணும், எடுக்கணும், போகணும். அந்த 'ணும்' எப்போதும் எதிரே நிற்பவர் தலையில்தான் விழுந்தது.

கீழிருந்து மேலே போன பேச்சு எப்படி இருந்தது என்பதை நான் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்டிருக்கிறேன். தராசில் முள் ஓரிடத்தில் நிற்கும். கணக்குப்பிள்ளை வேறொன்றை எழுதுவார். ஈரத்துக்கு, சாக்குக்கு, முற்றிய இலைக்கு என்று கழியும். வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்குக் கழியும். "ஐயா, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்பார் அம்மா. கழிகிற கிலோவில்தான் முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் கூலியா அரைநாள் கூலியா என்பது இருக்கும். அப்படியிருந்தும் தன் கை பறித்ததைத் தானம் கேட்பதுபோல் கேட்பார்.

இதைச் சுபாவம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கடன் பழக்கிய பேச்சு இது. கப்பல் செலவும் வழிச்செலவும், முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்பே அவரவர் பேரில் ஏறியிருந்தன. தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். கடனை அடைத்தால் ஆளை விடுவோம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் சீட்டு அது. புதுத்தோட்டம் பணத்தைக் கட்டும், கடன் ஆளோடு கூடவே போகும். 1921இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. குரல் அத்தனை சீக்கிரம் மாறவில்லை.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் கதை வேறு; அங்கே யாரும் கேட்கவே வேண்டியதில்லை. கேதம் என்று தெரிந்தால் குழி வெட்ட ஆட்கள் தாமாகப் புறப்படுவார்கள். பக்கத்துக் காம்பராவில் தேத்தண்ணி கொதிக்கும். முதல் நாள் சண்டை போட்டவரும் மண்வெட்டியோடு வருவார். வராதவரைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நாலு பேர் பேசுவார்கள், அவ்வளவுதான். சாதி பார்த்து ஒதுங்கிய வீடுகளும் உண்டு; இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நாட்கூலியாக 'ஆயிரம் ரூபா தரணும்' என்று அட்டை பிடித்து ஹட்டன் தெருவில் நின்றவர்களில் அம்மாவும் ஒருவர். 2021இல் வர்த்தமானி வழியாக அந்தத் தொகை வந்தது. கூட்டத்தோடு நிற்கையில் தொண்டை கிழியச் சொன்ன சொல், தராசடியில் தனியாக நின்றபோது அவருக்கு வரவேயில்லை.

அண்ணன் மகளுக்குத் தனியாகவே வருகிறது. ஓர் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினாள். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தது. திரும்பவும் எழுதினாள்: அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டு 16ஆம் திருத்தத்தைக் காட்டி, 'தமிழில் பதில் தர வேண்டும்' என்று. 'பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' எங்குமே இல்லை.

வாசிக்கக் கேட்ட அம்மாவுக்குப் பதற்றம். "இப்புடி எழுதினா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"கோவிச்சுக்கட்டும் அப்பாயி. பதில் போட்டுத்தான் ஆகணும்."

"மேல 'மதிப்புக்குரிய ஐயா'ன்னாவது போடு."

போட்டாள். அதற்குக் கீழே ஒரு வரியும் குழையவில்லை.