வாய்க்காலில் படுத்த எருமை

சேந்தமங்கலத்தில் என் சிநேகிதர் வீட்டுத் திண்ணை கொல்லிமலையைப் பார்த்தபடி இருக்கிறது. போன மாதம் ஒரு மாலை அங்கே உட்கார்ந்து, சமுத்திரத்து நீரோட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்கிற வித்தையைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2017-ல் ஜப்பானியர் குச்சினோஷிமா தீவருகே, குரோஷியோ நீரோட்டத்துக்குள் 100 கிலோவாட் யந்திரம் ஒன்றை மிதக்கவிட்டுச் சோதித்தார்கள். கரி இல்லை, புகை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் செலவில்லை. "யாருக்கும் நஷ்டமில்லாத வரும்படி" என்று முடித்தேன்.

படியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் குறுக்கிட்டார்: "ஏனுங்க, வாய்க்கால்ல எருமை படுத்துக்கிட்டா அதுவுந்தான் தண்ணியைக் குடிச்சுத் தீர்க்கறதில்லீங்க. சும்மா படுத்திருக்குது. கடைமடைக்காரனுக்குத் தண்ணி போய்ச் சேருதுங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை.

விழிஞத்தில் 1991-ல் சென்னை ஐ.ஐ.டி.க்காரர்கள் 150 கிலோவாட் அலை மின்நிலையம் வைத்தார்கள். அலை ஏறி இறங்கும்போது அறைக்குள் அகப்பட்ட காற்று விசிறியைச் சுழற்றும். அந்த அலை எப்படியும் கரையில் மோதி ஓயப்போவதுதான். அறுவடையான வயலில் கதிர் பொறுக்குவது போல. நீரோட்டமோ ஒரு காரியமாகப் போய்க்கொண்டிருப்பது. ப்ளோரிடா நீரிணையில் விநாடிக்கு ஏறக்குறைய 3 கோடி கனமீட்டர் வெதுவெதுப்பான நீர் ஓடுகிறது. வடமேற்கு ஐரோப்பாவின் குளிரைத் தணிப்பதில் அதற்கும் பங்குண்டு. யந்திரம் ஒன்றிரண்டானால் அதற்குத் தெரியவே தெரியாது. ஆயிரம் ஆயிரமாக நட்டால் ஓட்டம் தளரும். கடைமடையில் இருக்கிறவன் நார்வேக்காரன். அவனை யார் கேட்டார்கள்?

அப்படியானால் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். திண்ணை விளக்கு விடவில்லை. மேட்டூரில் அணைத் தண்ணீரும் மின்சாரம் தருகிறது. பக்கத்திலேயே நிலக்கரியும் எரிகிறது. இப்படி உலகமெங்கும் எழும் புகையால் பூமி சூடேற, அட்லாண்டிக் நீரோட்டச் சுழற்சி இந்த நூற்றாண்டில் தளரும் என்று ஐ.நா.வின் விஞ்ஞானிகள் குழு 2021-லேயே எழுதிவிட்டது. நம் எருமை ஏற்கெனவே இறங்கிப் படுத்தாகிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டிருப்பவனுக்கும் அதில் பாத்தியதை உண்டு.

ஆகவே எடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டு எடுக்கக்கூடாது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற ஊரில் கடைமடைக்காரனையும் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் பேசுவார்கள். சமுத்திரத்துக்கு இன்னும் அப்படி ஒரு பஞ்சாயத்து கூடவில்லை.

"எருமை படுத்துக்கிட்டா என்ன செய்வீங்க, பெரியவரே?" என்று கேட்டேன்.

"அது யாரோட எருமைன்னு மொதல்ல பாக்கோணுமுங்க" என்றார். மும்முனை மின்சாரம் வருகிற வேளை. மோட்டார் போட எழுந்து போனார்.