நிற்பவை இரண்டு

நடவு முடிந்த வயலில் மடையான் நிற்கிறது. சேற்றின் நிறம், கழுத்தெல்லாம் கோடு. எழுந்து பறந்து வெள்ளைச் சிறகு விரியும்போதுதான் அங்கே பறவை இருந்ததே தெரியும். கழுத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. கொக்கினத்தின் கழுத்தில் ஆறாவது எலும்பு நீண்டு, அமைப்பு மாறியிருக்கும். கழுத்து மடிவது அங்கேதான். அந்த மடிப்பு சட்டென்று நிமிர்வதுதான் குத்து.

*

தண்ணீருக்குள் மீன் இருப்பது ஓரிடம். ஒளி வளைவதால் நமக்குத் தெரிவது சற்று மேலே. கொக்கு அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டு குத்துகிறது. கரைக் கொக்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். குஞ்சுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கூட்டை விட்டு இறங்கிய இளசு, தவறவிட்டுத் தவறவிட்டுத் தானே பழகுகிறது. ஒரே மரத்தில் கூட்டமாகக் கூடு கட்டும் பறவை, மீனுக்கு மட்டும் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்கும்.

*

தென் ஆப்பிரிக்காவின் கலஹாரி மணலில் மீர்கேட் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கிறது. கீரிக் குடும்பம்தான், ஒரு கிலோகூட வராத உடம்பு. நம் ஊர்க் கீரி பெரும்பாலும் தனியாகத் திரியும். இது கூட்டத்தை விட்டால் பிழைப்பது கடினம். மற்றவை மணலில் தலையை விட்டுப் பூச்சி தோண்டும்போது, ஒன்று புதர்மேல் ஏறிக் காவல் இருக்கும். மெல்லிய குரலில் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும். அது காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை கீழே உள்ளவை நிம்மதியாகத் தோண்டலாம். கழுகுக்கு ஒரு குரல், நரிக்கு வேறு குரல்.

*

குட்டிக்கு முதலில் செத்த தேள். பிறகு கொடுக்கைப் பிய்த்தெடுத்த தேள். கடைசியில் முழுத் தேள், உயிரோடு. குட்டி கெஞ்சும் குரல் வளர வளர மாறும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எந்தத் தேளைக் கொடுப்பது என்று பெரியவை முடிவு செய்கின்றன. 2006-இல் வெளியான ஆய்வு இது.

*

காவலுக்கு முறை வைத்தது யார்? யாருமில்லை. மீர்கேட்களை ஆராய்ந்த டிம் கிளட்டன்-புரோக்கின் குழு 1999-இல் எழுதியது இது: வயிறு நிறைந்தது எதுவோ அது ஏறி நிற்கிறது. கூடுதலாக உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அதைத் தின்றது கூடுதல் நேரம் நின்றது. இதைத் தியாகம் என்றும் சொல்வதற்கில்லை. நிற்பது வளைக்குப் பக்கத்தில். ஆபத்தை முதலில் பார்ப்பதும் அதுவே.

*

மடையான் நிற்பது பசியால். மீர்கேட் நிற்பது பசி தீர்ந்ததால். பொறுமைக்குக் கொக்கைக் காட்டுவது நம் வழக்கம்; அந்தப் பொறுமைக்கு அடியில் இருப்பது காலி வயிறு. அதனிடம் போய் ஊருக்குக் காவல் நிற்கச் சொல்ல முடியுமா? ஊரில் யாருக்கும் பொதுக்கவலை இல்லை என்று அலுத்துக்கொள்ளும்போது, பாடுபட்டுக்கொண்டிருப்பவர்களை விட்டுவிடலாம். சாப்பிட்டு முடித்தவர்கள் எங்கே என்று கேட்பதே நியாயம்.