மூன்றுதரம் தட்டலாம்

திங்கள்

முதலாம் தவணையில் திங்கட்கிழமைப் பிரார்த்தனைக்கு நேரம் காணாது. தேவாரமும் நற்சிந்தனையும் முடிந்து அதிபர் ஒலிவாங்கிக்கு வந்தாரென்றால், போன கிழமையின் வெற்றிகள் ஒவ்வொன்றாக வரும். சதுரங்கத்தில் கோட்ட மட்டத்தில் இரண்டாமிடம். சித்திரப் போட்டியில் ஒரு சான்றிதழ். சாரணர் ஒருவருக்குச் சின்னம். பெயர் சொல்லப்பட்ட பிள்ளை வரிசையை விட்டு முன்னால் வந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும். கொஞ்சம் கைதட்டல். பிறகு அடுத்த பெயர்.

எங்கள் வளவுக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் நடுவில் ஒரு மதில்தான். பென்சன் எடுத்தபிறகு காலையில் எனக்கு வேறு அவசரம் இல்லை. கிணற்றடியில் நின்றபடியே முழுவதையும் கேட்கலாம். ஒலிபெருக்கி எங்கள் பக்கம் பார்த்துக் கட்டியிருப்பதால் கேட்காமல் இருக்கத்தான் முடியாது.

இந்த அறிவிப்புகளுக்கென்று ஒரு நடை உண்டு. எல்லாம் "தெரிவாகியுள்ளார்" என்று முடியும். பாடசாலையில் வென்றவர் கோட்டத்துக்குத் தெரிவு, கோட்டத்தில் வென்றவர் வலயத்துக்கு, அங்கிருந்து மாகாணத்துக்கு, பிறகு தேசியத்துக்கு. குண்டு போடுதலும் இந்த ஏணியில்தான் ஏறுகிறது. தமிழ்மொழித் தினத்துப் பேச்சும் பாவோதலும் வில்லுப்பாட்டும் இதே ஏணியில்தான். ஆறுதலாக யோசித்தால் இந்த ஏணியின் பெரும்பாலான வேலை பிள்ளைகளை இறக்கி விடுவதுதான். கொழும்புக்கு ஒரு பிள்ளை போகும்போது, சங்கானையிலும் சாவகச்சேரியிலும் பணிஸைத் தின்றுவிட்டுப் பின்னேர பஸ்ஸில் வீடு திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேர்!

அவர்களையும் கூப்பிட்டுக் கைதட்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. "கோட்டத்தில் ஐந்தாமிடம் பெற்றுள்ளார்" என்று அறிவித்து ஒரு பெடியனை முன்னால் நிறுத்திப் பாருங்கள். அவன் அடுத்த முறை பெயரே கொடுக்க மாட்டான்.

செவ்வாய்

அஞ்சலோட்டப் பழக்கம். கோலை வாங்குகிறவர் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாதாம். விளையாட்டு ஆசிரியை தொண்டை கிழியச் சொல்கிறார். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள்.

தீவகத்தில் படிப்பிக்கும் என் பெறாமகள் இரவு தொலைபேசியில் பேசினாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் இந்த முறை பதினாலு வயதுப் பெண்கள் அஞ்சலோட்டத்துக்கு அணி இல்லை. நாலு பேர் வேண்டும், மூன்று பேர் இருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து போன குடும்பங்களில் பல திரும்பவேயில்லை. அந்த நாலாவது பிள்ளை ரொறன்ரோவிலோ பாரிசிலோ வேறொரு பள்ளிக்கூடத்துக்காக ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய மாணவர் சங்கம் மட்டும் அங்கே நல்ல பலத்தோடு இருக்கிறது. மைதானத்துக்கு மதில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

புதன்

பின்னேரம் கோலூன்றிப் பாய்தல். இதற்காகக் கதிரையை மதிலோரம் இழுத்துப் போட்டேன்.

யாழ்ப்பாணத்தில் விளையாட்டு என்றால் வெளியே தெரிவது துடுப்பாட்டம். யாழ் மத்தியும் பரியோவானும் மோதும், 1904இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் வடக்கின் பெரும் சமருக்குக் கூடும் சனம் வேறெதற்கும் கூடாது. மத்தியின் மைதானத்தில் பந்து சுழற்றிப் பழகிய வியாஸ்காந்த் 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது, இங்கே கடைகளில் வியாபாரம் நின்றது. ஆனால் இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தீபகற்பம் நாட்டுக்கே முன்னால் நின்ற ஒரு விளையாட்டு உண்டென்றால் அது கோலூன்றிப் பாய்தல்தான். தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் மூன்றரை மீற்றரைத் தாண்டிப் பெண்களுக்கான தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார். சாவகச்சேரி இந்துவின் அருந்தவராசா புவிதரன் ஐந்து மீற்றருக்கு மேல் பாய்ந்தார். அளவெட்டி அருணோதயாவின் பிள்ளைகளும் அகில இலங்கைப் போட்டிகளில் பதக்கம் எடுத்தவர்கள். பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் மகாஜனாவைத் தொடங்கியபோது தன் பள்ளிக்கூடம் கவிதைக்கும் நாடகத்துக்கும் பேரெடுக்கும் என்று நினைத்திருப்பார், எடுக்கவும் செய்தது. பெண்பிள்ளைகள் தடி ஊன்றி ஆகாயத்தில் தலைகீழாகப் போவார்கள் என்று கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஒலிம்பிக்கே பெண்களுக்கு இந்தப் போட்டியை 2000இல்தான் சேர்த்தது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு பேர் இல்லை. உறை கிழிந்து பஞ்சு தெரியும் பழைய மெத்தை ஒன்று, இரவல் வாங்கிய தடிகள், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அவ்வளவுதான்.

தடியைப் பற்றி ஒரு விசயம் இன்றுதான் கிட்ட நின்று பார்த்தேன். மேல்முனைப் பக்கம் நீளமும் நிறையும் எழுதியிருக்கிறது. இத்தனை இறாத்தலுக்கு உட்பட்டவர்தான் இதைப் பிடிக்கலாம் என்று கணக்கு. நிறை கூடினால் தடி அளவுக்கு மேல் வளைந்து முறியவும் கூடும். ஆகையால் பிள்ளை வளர வளரத் தடியையும் மாற்ற வேண்டும். வருடத்துக்கு வருடம் வெள்ளைச் சட்டை கட்டையாகிறது, சப்பாத்து இறுகுகிறது, இப்போது தடியும். சப்பாத்துக்கு வவுச்சர் கொடுக்கிறார்கள். கண்ணாடியிழைத் தடிக்கு யார் கொடுப்பது? அதன் விலையை ஆசிரியை சொன்னார். என்னுடைய மாதப் பென்சனோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஓடுபாதையின் ஓரத்தில் அந்தப் பிள்ளை தன் செருப்பைக் கழற்றி அடையாளத்துக்கு வைத்தாள். ஓட்டம் அங்கிருந்து தொடங்கவேண்டும். முதலில் செருப்பை அரை அடி பின்னுக்கு நகர்த்தினாள். யோசித்தாள். திரும்ப முன்னுக்கு வைத்தாள். பிறகு தடியைத் தூக்கிக்கொண்டு, உதடு அசைய அடிகளை எண்ணியபடி ஓடிவந்தாள். தடியின் நுனி நிலத்துப் பெட்டியில் "டக்" என்று இடிக்கும் சத்தம் என் மதில் வரை கேட்டது. தடி வளைந்து, அவளைத் தூக்கி, கால் முன்னே போய், உடம்பு பின்னே போய், கடைசியில் முழங்கையோ மார்போ பட்டுக் குறுக்குக்கம்பு விழுந்தது.

"மிஸ், இன்னொருக்காப் பாயட்டே?"

"பாய் பிள்ளை. அவசரப்படாதை. கையை நேரத்தோட விடுறாய்."

இந்த விளையாட்டின் விதி எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஒவ்வோர் உயரத்திலும் மூன்றுதரம் தட்டலாம். மூன்றாவது முறையும் கம்பு விழுந்தால்தான் வெளியே. ஓர் உயரம் வேண்டாமென்றால் பாயாமல் விட்டு அடுத்த உயரத்துக்குக் காத்திருக்கலாம். அதையும் விதியே அனுமதிக்கிறது. எல்லாரும் வெளியேறி ஒருத்தி மட்டும் மிஞ்சினால், அவள் வென்றாயிற்று, ஆனால் போட்டி முடியவில்லை. கம்பை இன்னும் உயர்த்தச் சொல்லலாம். அவளாக நிறுத்தாவிட்டால் அவளும் மூன்றுதரம் தட்டித்தான் வெளியே வரவேண்டும். நூறு மீற்றரில் வென்றவர் நெஞ்சால் கயிற்றை அறுத்துக்கொண்டு போவார். இங்கே வென்றவரும் தோற்றவரும் விழுந்த கம்போடுதான் மெத்தையிலிருந்து எழும்புகிறார்கள்.

உயரம் பாய்தலுக்கும் இதே விதி. 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் யாழ் மத்தியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. எங்கள் காலத்துப் பெடியள் அந்த எண்ணைப் பிறந்த திகதிபோலச் சொல்வோம். அவர் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது இன்னும் பதினெட்டு வயது நிரம்பவில்லை. அந்தப் பயணத்தில் பதக்கம் இல்லை. ஆறு வருடத்துக்குப் பிறகுதான் தோக்கியோ வந்தது. நடுவில் எத்தனை ஆயிரம் தரம் கம்பைத் தட்டியிருப்பார்! 2024இல் அவர் காலமானபோது எல்லாப் பேப்பரும் 2.03 என்றே எழுதின. அதுதான் சரி.

அந்தப் பிள்ளை இருட்டும்வரை பாய்ந்தாள். இரண்டு முறை தாண்டினாள் என்று நினைக்கிறேன். மாசிப் பனி இறங்கத் தொடங்கியதால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

வியாழன்

நாளை இல்ல மெய்வல்லுநர் போட்டி. இன்று படிப்பு இல்லை, இல்ல அலங்காரம்.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இல்லங்களுக்குக் காலம்சென்ற பெரியவர்களின் பெயர். யாழ் இந்துவில் நாகலிங்கம், பசுபதி, சபாபதி, காசிப்பிள்ளை என்று போகும். அவர்கள் யாரென்று பிள்ளைகளைக் கேட்டால் "பச்சை", "நீலம்" என்று நிறத்தைச் சொல்வார்கள். தென்னோலை, கிடுகு, ரெஜிபோம், அம்மாமாரின் பழைய சேலை எல்லாம் வைத்து மைதானத்தின் ஓரத்தில் ஆளுக்கொரு வீடு எழுப்புகிறார்கள். ஒன்று கோட்டை வாசல். ஒன்று படகு. ஒன்று என்னவென்று அவர்களுக்கே இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் ஒரு கிடுகு பின்னச் சொன்னால் கை நோகும் என்கிற பெடியன் இங்கே விடியப்புறத்திலிருந்து ஓலை இழைக்கிறான்.

நடுவர்கள் கோப்போடு வந்து புள்ளி போடுவார்கள். அவர்களை விடவும் கூர்மையாகப் பார்க்கிறவர்கள் இந்த நாட்டில் உண்டு. 2024 மார்ச்சில் தெல்லிப்பழை யூனியன் கல்லூரியில் ஓர் இல்லம் கார்த்திகைப்பூ வடிவத்திலும் இன்னொன்று போர்த்தாங்கி வடிவத்திலும் அலங்கரிக்கப்பட்டிருந்தது. விசயம் பொலிஸ் விசாரணை வரை போனது. 1816இல் அமெரிக்க மிசனால் தொடங்கப்பட்ட பள்ளிக்கூடம் அது. அது நிற்கிற வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் சனம் எழும்பிப் போய், பலர் இருபது இருபத்தைந்து வருடம் தங்கள் காணியைப் பார்க்கவில்லை. ஒரு பூவுக்கும் ஓர் அட்டைத் தாங்கிக்கும் பிள்ளைகளிடம் விளக்கம் கேட்டார்கள். அதே பூவைத் தமிழ்நாட்டில் செங்காந்தள் என்று மாநில மலராக வைத்திருக்கிறார்கள். கண்முன்னால் கண்ட பொருளைத்தான் பிள்ளை செய்யும். இங்கே பிள்ளைகள் தாங்கியை எங்கே கண்டார்கள் என்று கேட்டிருந்தால் அது நல்ல கேள்வி.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆசிரியர்கள் இந்த முறை முன்கூட்டியே வரைபடம் வாங்கிப் பார்த்துவிட்டார்களாம்.

வெள்ளி

காலைப் பூசைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை முன்வரிசையில் இருத்தினார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. பிரார்த்தனை இப்போதே தொடங்கிவிட்டது. வாசலில் போன வருடம் சித்தியடைந்தவர்களின் பதாகை, படமும் புள்ளியும் போட்டு, வெயிலில் வெளுத்துத் தொங்குகிறது.

கன்னங்கராவின் காலத்தில், 1940களில், இலவசக் கல்வியோடு சேர்ந்து வந்த ஏற்பாடு இது. கெட்டித்தனமான ஏழைப் பிள்ளையைக் கிராமத்திலிருந்து மத்திய பாடசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் புதன்கிழமை மதிலோரம் இருந்ததிலிருந்து ஒன்று மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. வெட்டுப்புள்ளி எப்போது வருகிறது? பரீட்சை எழுதி, திருத்தி, எல்லாம் முடிந்த பிறகு. அதாவது, பிள்ளை பாய்ந்து இறங்கிய பிறகுதான் கம்பை எந்த உயரத்தில் வைப்பதென்று தீர்மானிக்கிறார்கள். அதுவும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு உயரம். ஒருதரம்தான் பாயலாம். பத்து வயதில். ஒரு புள்ளியால் தட்டிய பிள்ளையின் வீட்டில் இரண்டு நாளைக்குச் சமையல் இல்லாமல் போனதை எங்கள் ஒழுங்கையிலேயே கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை பிறகு மருத்துவபீடம் போனதா, கடை வைத்ததா என்பது இங்கே முக்கியமில்லை. அந்த இரண்டு நாளைத்தான் சொல்கிறேன்.

விளையாட்டுப் போட்டி வழக்கம்போல நடந்தது. பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். அணிநடை நன்றாயிருந்தது, பாண்ட் அடித்த பிள்ளைகளில் ஒன்று வெயிலில் மயங்கி, குளுக்கோஸ் குடித்து, திரும்ப வந்து அடித்தது. வினோத உடையில் ஒரு சின்னன் பனங்கிழங்காக வந்து பரிசு வாங்கியது. பழைய மாணவர் ஓட்டத்தில் நான் ஓடவில்லை. ஓடிய ஒருவர் என்னைவிட மூத்தவர். படகு கட்டிய இல்லம் அலங்காரத்தில் முதலாமிடம். கோப்பையை வாங்கிய கையோடு அவர்களே படகைப் பிரித்து ஓலையை மாட்டுக்குக் கொடுத்தார்கள்.

கதிரை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் விளையாட்டு ஆசிரியை மதிலடிக்கு வந்தார்.

"மாஸ்ரர், உங்கட மருமகன்ர பட்டா வாற புதன்கிழமை நிக்குமே? வலயப் போட்டிக்குத் தடி கொண்டுபோகோணும். பஸ்ஸுக்குள்ள போகாது. போன முறை மேல கட்டவும் கொண்டக்ரர் விடேல்லை."

"புதன் வெங்காயம் ஏத்திக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போறவன். கேட்டுச் சொல்லுறன்."

"வெங்காயத்துக்கு மேல வச்சுக் கட்டினாலும் காணும். பிள்ளைக்குப் பாய்ச்சல் ஒன்பது மணிக்கு."

"அப்ப ஆறு மணிக்கு முதல் வெளிக்கிடோணும். தடிக்குச் சாக்குச் சுத்தித் தாங்கோ, கீறுப்படாமல்."

"சாக்கு இருக்கு மாஸ்ரர். கயிறுதான் இல்லை."

கயிறு எங்கள் கிணற்றடியில் இருக்கிறது.